இரண்டு சங்குகள்

கோவைப் பக்கம் சங்கு என்றால் இரண்டு பொருள். ஒன்று மில் சங்கு. சூலூர், கண்ணம்பாளையம், இருகூர், பள்ளபாளையம் வட்டாரத்துக்குப் பல தலைமுறைகளாகக் கடிகாரம் அதுதான். ஷிப்ட் மாறுவது மட்டுமா, அடுப்புப் பற்றவைப்பதும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கிளப்புவதும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நடந்தன. இன்னொன்று கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு. பாலாடை என்றும் சொல்வோம். வெள்ளியிலோ எவர்சில்வரிலோ செய்தது, உள்ளங்கையில் அடங்கும், ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும். முதல் சங்குக்குக் கட்டுப்பட்டு வேலைக்குப் போகிற தாயின் பாலை, இரண்டாவது சங்கில் ஊற்றி வீட்டுப் பிள்ளைக்குப் புகட்ட முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை. இருக்கிற சட்டம் மில் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம், உள்ளூரில் அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லாததுதான்.

முதலில் உடம்பின் கணக்கு. குழந்தை உறிஞ்சும்போது தாயின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் புறப்படுகின்றன. புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கிறது. ஆக்ஸிடோசின் சுரந்த பாலை வெளியே தள்ளுகிறது. மார்பு காலியாகக் காலியாக அடுத்த பால் ஊறும். தேங்கி நின்றாலோ, போதும் என்று உடம்பு கணக்குப் போட்டுக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும். பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கிறது. 8 மணி நேர ஷிப்டோடு போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று நான்கு வேளை தப்பிப்போகிறது. ரிங் ஃபிரேமுக்கு முன்னால் நடந்துகொண்டே அறுந்த இழைகளை ஒட்டும் பெண்ணுக்கு மதியத்துக்குள் மார்பு கல்லாகிவிடும், ஜாக்கெட் நனையும், சில நாளில் பால் கட்டிக் காய்ச்சல் வரும். ஒரு மாதம் இப்படிப் போனால் பால் வற்றிவிடும். வற்றியபின் 'அவளுக்குப் பால் பத்தலை' என்று ஊர் சொல்லும். பால் பற்றாமல் போகவில்லை, நேரம்தான் பற்றாமல் போனது என்று யாரும் சொல்வதில்லை.

இந்த ஒப்பீடு பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்: கறவை மாட்டுக்கு நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதைக் கொங்கு நாட்டில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி கட்டும், மடிநோய் வரும், கறவை குறையும். அதனால்தான் விடியற்காலையில் கல்யாண வீட்டிலிருந்துகூட எழுந்து ஓடுகிறார்கள். பாலை வற்ற வைக்கவும் நம்மவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. பிள்ளையை இழந்த தாய்க்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்து, அது பலன் தருகிறது என்று 1988இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். இவ்வளவு நுட்பம் தெரிந்த சமூகம், பணியிடம் என்று வந்ததும் பாலைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இனி சட்டத்தின் கணக்கு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமானது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. 26 வாரம் என்றதும் ஆறு மாதம் முழுதும் பிள்ளையோடு இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். நின்றுகொண்டே செய்கிற வேலையில், நிறைமாத வயிற்றோடு கடைசி நாள்வரை ஓட முடியாதவள் அந்த 8 வாரத்தையும் எடுத்துத்தான் தீர வேண்டியிருக்கும். மிச்சம் 18 வாரம், அதாவது 126 நாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு மாதத்துப் பிள்ளையை விட்டுவிட்டு அவள் சங்குச் சத்தத்துக்குக் கிளம்பியாக வேண்டும்.

இந்த இடைவெளியைச் சட்டம் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, பால் கொடுப்பதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும்; தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம். எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனக்கண்ணில் ஒரே ஒரு காட்சிதான் இருந்திருக்கிறது: பிள்ளை காப்பகத்தில் தூளியில் தூங்குகிறது, தாய் நாலு எட்டு நடந்து போய் எடுத்துப் பால் கொடுக்கிறாள். பிள்ளை ஐந்து மைல் தள்ளி வீட்டில் இருந்தால்? பாலைப் பீய்ச்சி வைத்து எடுத்துப்போவதற்கு ஓர் அறை வேண்டுமே? அதைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அமெரிக்கா, சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பை நாடு முழுக்கக் கொடுக்க இன்றுவரை மனம் வராத தேசம், 2010இல் இந்த ஒரு விஷயத்தைச் சட்டத்தில் தெளிவாக எழுதி, 2022 டிசம்பரில் இன்னும் பல தொழிலாளருக்கு விரித்தது: பிறர் பார்வை படாத, பிறர் நுழையாத இடம், அது கழிப்பறையாக இருக்கக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையை எழுதவேண்டி வந்தது என்றால், அதற்குமுன் எங்கே நின்று பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள் என்பது புரியும்.

தமிழ்நாட்டின் எண்கள் ஒரு சேதி சொல்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் தமிழ்நாட்டில் 100க்குச் சுமார் 60. நாட்டின் சராசரி 42தான். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் இங்கே 55, நாட்டிலோ 64. தொடக்கத்தில் முன்னால் நிற்கிறோம், தொடர்வதில் பின்தங்குகிறோம். முழுப் பழியையும் வேலைக்குப் போவதன்மேல் போட முடியாது. சர்க்கரைத் தண்ணீர், பவுடர் பால், சிசேரியன் என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் பிரசவ அறையில் நர்ஸ் கூடவே இருந்து செய்ய வைக்கிற காரியத்தில் நன்றாகச் செய்கிறோம், வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பியபின் தானாகத் தொடர வேண்டியதில் சறுக்குகிறோம் என்பது தெளிவு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லவும் முடியாது. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்தது தமிழ்நாடு. இந்தியாவில் அன்றைக்கு அது புதுமை. அரசு ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் பொதுக் கட்டடங்களில் பாலூட்டும் அறைகள் அமைவதை உறுதிசெய்யுமாறு மாநிலங்களை வலியுறுத்தியது. ஆனால் பேருந்து நிலைய அறைகளுக்குப் பிறகு என்ன நடந்தது? பூட்டிக் கிடக்கிறது, மின்விசிறி இல்லை, பழைய சாமான் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் செய்தி வருகிறது. கோட்டையிலிருந்து ஓர் ஆணை அறையைக் கட்டிவிடும். அதைத் தினமும் திறந்து பெருக்கி வைக்க உள்ளூரில் ஒரு கை வேண்டும். மில்லுக்கும் இதே கதைதான், அங்கே இன்னும் கொஞ்சம் சிக்கல் அதிகம்.

ஏனென்றால் நம் மில்களின் வேலை அமைப்பிலேயே தாய் என்பவள் கணக்கில் இல்லை. பல ஆண்டுகளாகக் கொங்கு நாட்டு நூற்பாலைகளுக்கு ஆள் வந்த வழி, கல்யாணமாகாத இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து மூன்று வருடம் வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்புவது. இந்த ஏற்பாட்டுக்கு வைத்த 'சுமங்கலி' என்ற பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: கல்யாணம் ஆகும்போது அவள் கேட்டைத் தாண்டிப் போய்விடுவாள். பிள்ளை பெற்றவள் திரும்பி வருவாள் என்று யாரும் எதிர்பார்க்காத இடத்தில் தொட்டில் கட்ட யாருக்குத் தோன்றும்? இப்போது நிலைமை மாறுகிறது. உள்ளூர்ப் பெண்கள் படிக்கப் போகிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து ஆள் வருகிறது, கணவன் மனைவியாகவும் வருகிறார்கள். சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கம் போனால் வேறொரு காட்சி. அங்கே விசைத்தறி வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் ஓடுகிறது; வேலை செய்பவர்கள் நாலு பேர், ஆறு பேர். 50 என்ற எண் அந்தக் கொட்டகைகளை எட்டவே எட்டாது. கூலியோ நெய்த மீட்டருக்கு. இடைவேளைக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்ற விதி மீட்டர் கூலிக்காரிக்கு என்ன கொடுக்கும்? யாரும் எதையும் பிடிப்பதில்லை. தறி நின்ற நேரத்துக்குத் துணி இல்லை, துணி இல்லாததால் கூலி இல்லை, அவ்வளவுதான்.

தீர்வை உள்ளூரில்தான் தேட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். புதிய சட்டத் தொகுப்பில் அதிகம் பேசப்படாத ஒரு வாசகம் இருக்கிறது: பல நிறுவனங்கள் பணத்தைச் சேர்த்துப் பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம், அரசோ நகராட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்தும் பொதுக் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். சட்டம் இதைப் பெரிய நிறுவனங்களுக்குச் செலவு குறைக்கும் வழியாக வைத்திருக்கலாம். சோமனூர் போன்ற இடத்துக்கோ இதுதான் திறவுகோல். ஒரு தெருவில் பதினைந்து தறிக் கொட்டகைகள் இருந்தால் தனித்தனியாக ஒன்றுக்கும் கடமை கிடையாது. சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் எல்லோருக்கும் காப்பகம் உண்டு. கூலி உயர்வுக்காக வாரக்கணக்கில் தறியை நிறுத்தி ஒற்றுமையாக நின்ற ஊர்களுக்கு ஒரு வீட்டு வாடகையில் ஒற்றுமைப்படுவது முடியாத காரியமா? மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்த்து ஆறு மாதக் குழந்தையிலிருந்து பார்த்துக்கொள்ளும் காப்பகம் நடத்தவும் வழியிருக்கிறது. நாலு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் நடுவில் உள்ள ஓட்டையை அது அடைக்காது. அதற்குப் பால் பீய்ச்சும் அறைதான் வழி.

அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் கேட்கிறவர்கள் பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் கிடைக்கும். எட்டடிக்கு எட்டடி போதும். உள்பக்கம் தாழ்ப்பாள். பஞ்சுத் தூசி பறக்கும் கூடத்திலிருந்து தள்ளி, கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில். தலைமுடியிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு வருகிறவள் முதலில் கையையும் முகத்தையும் கழுவ வேண்டும், மேல்துணி மாற்ற வேண்டும். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம் அல்லது அதற்கென்று விற்கும் பை, அதில் பெயரும் நேரமும். பீய்ச்சிய பால் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் 4 மணி நேரம் தாங்கும்; சித்திரை வெயிலில் அதை நம்பக் கூடாது. கேன்டீன் ஃபிரிட்ஜில் ஒரு தட்டை ஒதுக்கினால் 4 நாள்வரை கெடாது. வீட்டுக்கு எடுத்துப்போக, ஐஸ் பொதி வைத்த மூடிய பெட்டி. நேரத்தைப் பொறுத்தவரை, சுரங்கத் தொழிலாளருக்கான பழைய மத்திய விதி ஓர் இடைவேளைக்கு 15 நிமிடமும், காப்பகத்துக்குப் போய்வர மேற்கொண்டு 5 முதல் 15 நிமிடமும் என்று அளந்தது. கையால் பீய்ச்சுகிறவளுக்குக் கழுவித் துடைத்து உட்கார்ந்து எழ அரை மணியாவது வேண்டும். அந்த அரை மணிக்கு அவள் ஃபிரேமைப் பார்த்துக்கொள்ள ரிலீவர் ஒருவர் பெயர் ஷிப்ட் பலகையில் எழுதியிருக்க வேண்டும். ரிலீவர் இல்லாத இடைவேளை காகிதத்தில் மட்டும் இருக்கும் இடைவேளை.

இதெல்லாம் பட்டணத்துப் படித்தவர்கள் பழக்கம், நம் பக்கம் நடக்காது என்பவர்களுக்குக் கோவையிலேயே பதில் இருக்கிறது. இங்கே தாய்ப்பால் தானம் சில ஆண்டுகளாக ஓர் இயக்கம்போல நடக்கிறது. வீட்டிலிருக்கும் தாய்மார்கள் மிஞ்சிய பாலைப் பீய்ச்சிப் பையில் அடைத்து, தேதி எழுதி, ஃப்ரீசரில் உறையவைத்து, அரசு மருத்துவமனைப் பால் வங்கிக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். குறைமாதத்தில் பிறந்த, தன் தாயிடம் பால் கிடைக்காத சிசுக்களுக்கு அது போகிறது. முகம் தெரியாத பிள்ளைக்குப் பால் சேர்த்து அனுப்பத் தெரிந்த மாவட்டத்தில், தன் பிள்ளைக்கு மில்லிலிருந்து பால் கொண்டுபோவது எப்படி நடக்காத காரியமாகும்?

முதலாளிகள் தரப்பு ஆட்சேபம் இரண்டு. செலவு, அதோடு, இப்படியெல்லாம் கேட்டால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்ற எச்சரிக்கை. இரண்டாவதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2017 திருத்தத்துக்குப் பிறகு டீம்லீஸ் நிறுவனம் நடத்திய கணிப்பில், 10 துறைகளில் ஒரே நிதியாண்டில் 11 லட்சம் முதல் 18 லட்சம் பெண்கள் வேலை இழக்கக்கூடும் என்று வந்தது. அந்தப் பயத்தின் வேர் 26 வாரச் சம்பளத்தை முதலாளியே தரவேண்டும் என்பது. ஆனால் மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ உண்டு. மகப்பேற்றுக் காலச் சம்பளத்தை இஎஸ்ஐ கழகம் கொடுக்கிறது. முதலாளி செலுத்துவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 3.25 சதவீதம். ஆக, சூலூர் மில்லில் ஒரு பெண் பிள்ளை பெற்றால் விடுப்புச் சம்பளம் மில்லின் கைப்பணம் இல்லை. காப்பகம்? பழைய தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் என்று எண்ணியது; பெண்களை 30இல் நிறுத்திக்கொள்ள அது ஒரு காரணம் தந்தது. 2017க்குப் பிறகு எண்ணுவது ஆணையும் சேர்த்து 50. பெண்ணை எடுக்காமல் விட்டாலும் காப்பகக் கடமை போகாது.

இனி அறையின் செலவு. அதே 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான். நாற்பது ஐம்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரே நேரத்தில் பால் கொடுக்கும் தாய்மார் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு தாழ்ப்பாள், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. இன்னொரு பக்கம், இழை அறுவதைக் கண் பார்க்கும் முன் கை ஒட்டிவிடுகிற அளவுக்குப் பழகிய ஒருத்தியை இழந்து, புதிதாக ஒருத்தியைப் பழக்குவதில் போகும் மாதங்கள். ஆள் கிடைக்கவில்லை என்று மேடைதோறும் பேசும் தொழில் இது. கிடைத்த ஆளைத் தக்கவைக்கும் மிக மலிவான வழியை ஏன் ஒதுக்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டுக்குத் துணி போகும் ஆலைகளில் வாங்குபவரின் தணிக்கைக்காரர்கள் தீயணைப்புக் கருவியையும் கழிப்பறையையும் எண்ணிக்கொண்டு போகிறார்கள். இந்த அறையையும் எண்ணச் சொன்னால் வேலை இன்னும் சுலபம்.

வீட்டுத் தரப்பு ஆட்சேபம் வேறு மாதிரி. பாட்டி இருக்கிறாள், பவுடர் பால் இருக்கிறது, நாங்களெல்லாம் அப்படி வளரவில்லையா? பாட்டி உள்ள வீட்டுக்கு அறை இன்னும் அதிகமாக உதவும்: பால் மில்லிலிருந்து வரும், புகட்ட அவள் கை இருக்கும். சங்கில் கொடுத்துப் பழகிய கை பாட்டில் கேட்காது என்பது கூடுதல் லாபம். ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணுக்கோ இங்கே பாட்டி இல்லை. பவுடர் பாலுக்கு விளம்பரமே கூடாது என்று 1992இலேயே இந்தியா சட்டம் போட்டது சும்மா இல்லை. கலக்குகிற தண்ணீர் சுத்தமாக இல்லாவிட்டால் அது வயிற்றுப்போக்கில் போய் முடியும். காசை மிச்சம் பிடிக்கத் தண்ணியாகக் கலக்குவதும் நடக்கும். தாய்ப்பால் ஊட்டுவது உலகெங்கும் போதிய அளவு பரவினால் ஆண்டுக்குச் சுமார் 8,23,000 குழந்தை மரணங்களைத் தவிர்க்கலாம் என்று 2016இல் 'லான்செட்' ஆய்வுத் தொடர் கணக்கிட்டது. தாய்மாருக்கு மார்பகப் புற்றால் வரும் மரணத்தில் 20,000 குறையும் என்றும் அது சொன்னது.

மிஞ்சுவது, பெண்களே கேட்பதில்லையே என்ற பேச்சு. சூப்பர்வைசர் ஆண், சங்கத் தலைவர் ஆண், டைம் ஆபீஸில் ஆண். அவர்கள் முன்னால் நின்று மார்பு கனக்கிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? அவளுக்குப் பதிலாகக் கேட்கத்தான் சங்கமும் ஊரும் இருக்கின்றன. பிரசவித்த தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பதை மதராஸ் மாகாணம் 1934இலேயே சட்டமாக்கிய மண் இது. சூலூருக்குப் பக்கத்துச் சின்னியம்பாளையத்தில், மில்லில் ஒரு பெண் தொழிலாளிக்கு நேர்ந்த கொடுமையை எதிர்த்துக் கிளம்பிய கொந்தளிப்பின் முடிவில் நான்கு தொழிலாளர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கில் ஏறினார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கொடியேற்றும் சங்கங்களுக்கு, எட்டடி அறை ஒன்றைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பது கூச்சமாக இருக்கக் கூடாது. கூலி, போனஸ் என்று எழுதும் பட்டியலில் மூன்றாவது வரியாக இருந்தால்கூடப் போதும்.

கேட்பதற்கு இடமும் நாளும் ஏற்கெனவே குறித்திருக்கிறது. அரசூர், காடாம்பாடி, கலங்கல் போன்ற ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அதில் ஒன்று மே 1, உழைப்பாளர் நாளிலேயே. பேரூராட்சி, நகராட்சிகளில் வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்துக்குக் கொண்டுபோகலாம். மில்லுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று கிராமசபை உத்தரவு போட முடியாது. ஆனால் எந்தத் தெருவில் பொதுக் காப்பகம், எந்த அங்கன்வாடியில் இடம் என்று தீர்மானம் போடலாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை, தொழிலாளர் துறை, இஎஸ்ஐ மூன்றுக்கும் நகல் அனுப்பலாம். சட்டம் கொடுக்கும் இரண்டு இடைவேளையைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிக் கேட்டில் ஒட்டச் சொல்லிக் கேட்கலாம். உலகத் தாய்ப்பால் வாரம் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கோலம் போட்டு உறுதிமொழி எடுத்து முடித்துவிடுவார்கள். அடுத்த கிராமசபை ஆகஸ்ட் 15. நடுவில் ஒரு வாரம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு மனு எழுதி, தெருவில் கையெழுத்து வாங்க அது தாராளம்.